எட்டுக் கம்பிக் குடை

மாதத்துக்கு ஒருமுறை என் பேரன் என்னை ஜொகூர் பாருவில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போகிறான். டாக்டரம்மா சின்ன வயது, நல்ல பெண். நான் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள், "எப்படி இருக்கீங்க தாத்தா?" என்று கேட்டுவிடுவார். நான் வாயைத் திறப்பதற்குள் பேரன், "பரவால்ல டாக்டர்" என்று சொல்லிவிடுவான். எனக்கு எரிச்சலாக வரும். கண் ஒரு மாதிரி இருக்கிறது, முழங்கால் வேறு மாதிரி இருக்கிறது. தூக்கம் போய்விட்டது, ஆனால் பசி இருக்கிறது. காதில் குறையில்லை, அதனால்தான் இவர்கள் பேசுவதெல்லாம் கேட்டுத் தொலைக்கிறது. அத்தனையையும் ஒரு மூட்டையாகக் கட்டிப் 'பரவாயில்லை' என்று எழுதிவிட்டால் அது என்ன கணக்கு?

அப்போதெல்லாம் என் நாக்கு நுனியில் ஒரு கேள்வி வந்து நிற்கும். "எதுல?"

அது என்னுடைய கேள்வி இல்லை. எங்கள் தோட்டத்து டிரசருடையது.

டிரசர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போதாவது மோட்டாரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மருந்து கொடுப்பவர், புண்ணைக் கட்டுபவர், பிரசவம் பார்ப்பவர், செத்தவர் பெயரைப் பதிபவர் எல்லாம் டிரசர்தான். இன்று விமானம் இறங்குகிற செனாய்க்கு வடக்கே, அப்போது ரப்பர் மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், எங்கள் தோட்டம் இருந்தது. மேடு, ஆத்தோரம், ஃபாக்டரி என்று மூன்று டிவிஷன். நான் அங்கே ஆபீஸ் கிராணி. வருகை, சம்பளம், அரிசி, ரப்பர் பால் எல்லாவற்றையும் எண்ணுவது என் வேலை. எண்ணி எண்ணி அதுவே குணமாகிப் போயிற்று. அவரும் எண்ணுகிறவர்தான். ஆனால் நான் எண்ணிக் கடைசியில் கூட்டுவேன். அவர் கூட்டவே மாட்டார்.

மெலிந்த ஆள். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். பின்கழுத்துக் காலரில் ஒரு கறுப்புக் குடையை மாட்டி முதுகில் தொங்கவிட்டிருப்பார், இரண்டு கையும் மருந்துப் பெட்டிக்கு வேண்டுமே என்று. பின்னாலிருந்து பார்த்தால் குடைதான் நடந்து போவது போல இருக்கும்.

ஆஸ்பத்திரிச் சமையல்காரன் மாரிமுத்து. ஆத்தோர டிவிஷன் ஆள். கஞ்சியும் ரசமும் அவன் பொறுப்பு. அவன் ஒருநாள் ஆசையாக வந்து நின்று, "ஐயா, இன்னிக்கு ரசம் எப்படி?" என்று கேட்டான்.

"எதுல?"

"ரசத்துல ஐயா."

"அது தெரியுது. புளியிலயா, உப்புலயா, சூட்டுலயா, மணத்துலயா? புளியில நேத்தையவிட நல்லாருக்கு. உப்புல மோசம்."

மாரிமுத்து என்னைப் பார்த்து, "அலமாக்! ஒரு வாய் ரசத்துக்கு இத்தன கேள்வியா கிராணி ஐயா? நல்லாருக்குன்னா நல்லாருக்கு, இல்லன்னா கீழ கொட்டு" என்றான்.

கல்யாணமும் அவருக்கு இப்படித்தான் நடக்காமல் போயிற்று. கடைக்காரர் ஒருவர் சிரம்பானில் ஒன்றும் சிங்கப்பூரில் ஒன்றுமாக இரண்டு பெண் பார்த்துச் சொன்னார். இவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார். படிப்பு, குரல், பொறுமை, மாமனார் வீட்டுத் தூரம் என்று கோடு கோடாக இழுத்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு படம் போட்டார். குரலுக்கு என்ன அளவு வைப்பது என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் மறுபடி வந்தபோது, "ரெண்டு பொண்ணுக்கும் கல்யாணம் ஆயிடுச்சுங்க டிரசர். நீங்க ஸ்கேலக் கட்டிப் புடிச்சிட்டுத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார், ஆனால் படத்தைக் கிழிக்கவில்லை.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதன்முதலில் ஆஸ்பத்திரி வராந்தாவில், கங்காணிமார் நடுவில், அவர் அதை விளக்கியது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. முதுகிலிருந்த குடையை எடுத்து விரித்துத் தலைகீழாக மேஜைமேல் வைத்தார். எட்டுக் கம்பி.

"ஒரு டிவிஷன் எப்படி இருக்குன்னு தொர கேக்கறாரு. நீங்க நல்லாருக்குங்கறீங்க. எதுல நல்லாருக்கு? இந்தக் கம்பி, காலையில பெரட்டுக்கு வந்து நிக்கற ஆளு. இந்தக் கம்பி, ஒரு ஆளு வெட்டற பால். இது காய்ச்சல். இது காய்ச்சலால புள்ளைங்க வயித்துல வர்ற கட்டி. நடுவுல சூனியம், நுனியில பத்து. ஒவ்வொரு கம்பியிலயும் உங்க டிவிஷன் எம்புட்டு எட்டுதோ அங்க ஒரு புள்ளி. எட்டுப் புள்ளியையும் கோட்டால சேர்த்தா உங்க டிவிஷனோட குடை. ரெண்டு டிவிஷன் குடைய பக்கத்துல பக்கத்துல வெச்சா, யாருக்கு எங்க ஒழுகுதுன்னு கண்ணு தானாப் பாத்துக்கும்."

கங்காணிமாருக்குப் புரிந்ததோ இல்லையோ, அந்தக் கோட்டுப் படம் சிலந்தி வலை மாதிரி இருந்ததால் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்தில், அவருக்கு 'எட்டுக்கால் டிரசர்' என்று பெயர் விழுந்தது.

முதல் தடவை ஒரு கூத்தும் நடந்தது. காய்ச்சல் எவ்வளவோ அவ்வளவு தூரம் அந்தக் கம்பியில் புள்ளி வைத்திருந்தார். கட்டிக்கும் அப்படியே, குழந்தைச் சாவுக்கும் அப்படியே. மேட்டு டிவிஷனில்தான் காய்ச்சல் அதிகம். அதனால் அந்தக் குடைதான் மூன்றிலும் பெரியது. மேட்டுக் கங்காணி அதைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு லயத்துக்குப் போய், "நம்ம குடதான் பெருசுடா" என்று சொல்லியிருக்கிறார். மாரியம்மன் திருவிழாவில் முதல் ஆடு எங்களுக்குத்தான் என்று மேட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். ஆத்தோர ஆட்கள் விடவில்லை. "காய்ச்சல்ல பெருசுன்னா ஆட்ட வெட்டாத, கொய்னா மருந்தக் கரைச்சு ஊத்து" என்று கேலி. கைகலப்பு ஆகாமல் தப்பியது பெரிய காரியம்.

அன்றைக்கே அவர் படத்தைத் திருத்தினார். காய்ச்சல் வந்தவர்களை விட்டு வராதவர்களை எண்ணினார். கட்டி இல்லாத பிள்ளைகளை எண்ணினார். பிறந்து தங்கிய குழந்தைகளை எண்ணினார். எந்தக் கம்பியில் பார்த்தாலும் நீளம் நல்லதாகவே இருக்கும்படி செய்துவிட்டு, தாளின் அடியில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி வைத்தார்: 'பெரிது நலம்.' அந்த இரண்டு வார்த்தையை அவர் எழுதாமல் இருந்திருக்கலாம்.

எட்டுக் கம்பியையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு வருகிறவர்கள், பால், தோட்டத்தை விட்டு ஓடாதவர்கள், லயத்துப் பின்னால் காய்கறி போட்ட வீடுகள், இவை நான்கும் உழைப்பு. காய்ச்சல் இல்லாமை, கட்டி இல்லாமை, தங்கிய குழந்தைகள், குடிதண்ணீர், இவை நான்கும் உடம்பு. ஆனால் இந்த வரிசையில் வைக்க மாட்டார். ஒன்றுவிட்டு ஒன்று வைப்பார். பெரட்டு, அதற்குப் பக்கத்தில் காய்ச்சல். பால், அதற்குப் பக்கத்தில் கட்டி. நான் கேட்டேன், உழைப்பையெல்லாம் ஒரு பக்கம், உடம்பையெல்லாம் ஒரு பக்கம் வைத்தால் படிக்கச் சுலபமாயிற்றே என்று.

"அப்படி வெச்சா ரெண்டும் வேற வேற ஆளுதுன்னு தோணும் கிராணியார். பக்கத்துல வெச்சாத்தான் ஒண்ணு இன்னொண்ணத் தின்னுட்டு நிக்கறது தெரியும்."

மேட்டு டிவிஷனில் அது நன்றாகத் தெரிந்தது. இளமரம், நல்ல பால். காய்ச்சல் விட்ட மறுநாளே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்து நிற்கிற சனம். உழைப்புக் கம்பி நான்கும் ஒன்பது. உடம்புக் கம்பி நான்கும் மூன்று. படம் வட்டமாக இல்லாமல், காலில் குத்துகிற நெருஞ்சிக் காய் போல நான்கு முள்ளும் நான்கு பள்ளமுமாக இருக்கும். ஆத்தோரத்தில் எதிலும் அதிகமில்லை, எதிலும் குறைவில்லை. எட்டுக் கம்பியிலும் ஆறு. பார்க்க லட்சணமான உருண்டை.

அவருக்குப் பிடித்த படம் நெருஞ்சிதான். மேட்டு லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் தெளிந்த ஓடை ஒன்று ஓடியது. காய்ச்சல் கொசு அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடுகிறது, ஓடையைக் குழாய் போட்டு மண்ணுக்குள் விடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் அடிக்க ஓர் ஆள் கொடுங்கள் என்று கேட்டு, அந்தப் படத்தோடு சேர்த்துத் துரைக்கு எழுதுவார். ஒரு தடவை இல்லை, மருந்துக் கணக்கு அனுப்பும்போதெல்லாம். தாளைத் துரை மேஜையில் வைப்பது நான். சாயங்காலம் அதே மடிப்புக் கலையாமல் எடுத்து ஃபைலில் சேர்ப்பதும் நான். அவர் வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். குடையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

மேட்டு லயத்தில் சிவகாமி என்று ஒரு பெண். பால் வெட்டுகிறவள். இரண்டு குழந்தைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். மூன்றாவது பையனுக்கு வயிற்றில் இடது பக்கம் கட்டி புடைத்துக்கொண்டு நிற்கும். அவள் வீட்டுப் பின்னால் போட்டிருந்த கத்திரிக்காய் அந்த வட்டாரத்திலேயே பேர் பெற்றது. டிரசர் லயத்துக்கு வந்தால், பையன் வயிற்றை அவர் அழுத்திப் பார்த்து முடிக்கும் வரை பேசாமல் இருப்பாள். பிறகு, "எங் கத்திரிக்காயையும் கம்பியில ஏத்திட்டீங்களா ஐயா?" என்பாள்.

"ஏத்திட்டேம்மா."

"பெருசா ஏத்துங்க. அது ஒண்ணுதான் எங்கிட்ட காய்ச்சல் இல்லாம இருக்கு."

பிறகு ரப்பர் விலை விழுந்தது. அது எப்படி விழுந்தது என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ரோடுதான். மூடிப்போன தோட்டத்து ஆட்கள் பாயும் சட்டியுமாக ஜொகூர் பாரு பக்கம் நடந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கும் லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. மூன்று டிவிஷனில் ஒன்றை மூட வேண்டும். அங்கே உள்ளவர்கள் ரயிலில் சிங்கப்பூர், அங்கிருந்து கப்பலில் நாகப்பட்டினம். ஃபாக்டரி டிவிஷனை மூட முடியாது, புகைக்கூடம் அங்கேதான். ஆகவே மேடு அல்லது ஆத்தோரம்.

துரை என்னைக் கூப்பிட்டு, "அந்த டிரசர் வரையுது இல்லே, குடை. அதைக் கொண்டு வரச் சொல்லு" என்றார். துரைமார் பரீட்சைக்குப் படித்த தமிழ் அது. அதில் 'நீங்கள்' கிடையாது.

செய்தி கேட்டு டிரசர் ஓடி வந்தார். முதுகில் குடை குதிக்க அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இத்தனை வருஷத்தில் யாரோ ஒருவர் படத்தைக் கேட்டுவிட்டார் என்ற சந்தோஷம் முகத்தில் இருந்தது. எதற்காகக் கேட்கிறார் என்று சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

துரை இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பென்சிலால் ஆத்தோரத்தைச் சுற்றினார். "இது நல்ல உருண்டை." பிறகு நெருஞ்சியைத் தட்டினார். "இது சின்னது. மேட்டை மூடலாம்."

டிரசரின் முகம் மாறுவதைப் பார்த்தேன். "எதுல சின்னது, சார்?"

"படத்திலே."

"சார், நாலு கம்பியில மேடுதான் மொத எடம். பாலப் பாருங்க. பெரட்டப் பாருங்க. மத்த நாலும் அந்த ஓடையால. ஓடைய மூடிட்டா..."

"ஓடைக்குக் காசு இல்லே." துரை தாளின் அடியைக் காட்டினார். "பெரிது நலம். நீதானே எழுதினது?"

டிரசர் அந்த இரண்டு வார்த்தையையே பார்த்தார். கடைசியில், நாளை மறுநாள் காலைவரை பொறுக்க வேண்டும், படத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். துரை கையை ஆட்டினார். சரி என்று அர்த்தம், போ என்றும் அர்த்தம்.

மறுநாள் மத்தியானம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருந்து மேஜை முழுவதும் கட்டம் போட்ட தாள். என்னைக் கண்டதும், "உக்காருங்க கிராணியார். இந்தக் கோட்டுக்குள்ள எத்தன கட்டம் இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. பாதிக் கட்டத்தையும் சேர்த்து" என்றார்.

எண்ணினேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும். நெருஞ்சிக்குள் எழுபத்தாறு. உருண்டைக்குள் நூற்றிரண்டு.

"இப்ப இத எண்ணுங்க."

இன்னொரு தாள். அதே மேட்டு டிவிஷன், அதே எட்டுக் கம்பி, அதே ஒன்பதும் மூன்றும். ஆனால் உழைப்புக் கம்பி நான்கும் ஒரு பக்கமாக, உடம்புக் கம்பி நான்கும் ஒரு பக்கமாக. நான் முன்பு கேட்ட வரிசை. நீளக் கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதும் நடுவிலிருந்த பள்ளங்கள் காணாமல் போய், படம் பல்வலி வந்தவன் கன்னம் போல ஒரு பக்கம் உப்பிக்கொண்டது. எண்ணினேன். சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினேன். நூற்றுப் பதினான்கு.

"ஒரு புள்ளிகூட மாத்தலயே?"

"மாத்தல. எடத்த மட்டும் மாத்தினேன்."

"ஆத்தோரத்தையும் இந்த வரிசையில போடுங்க."

போட்டார். எல்லாம் ஆறு என்றால் எப்படி வைத்தால் என்ன. அதே உருண்டை, அதே நூற்றிரண்டு. இப்போது ஆத்தோரம்தான் சின்னது.

அவர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, "மேடு பொழச்சிடுச்சு கிராணியார்!" என்றார். நான் தாளின் ஓரத்தில் என் வழக்கப்படி கூட்டினேன். மேடு நாற்பத்தெட்டு. ஆத்தோரமும் நாற்பத்தெட்டு. அவரிடம் காட்டினேன்.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?"

"கூட்டினா ஒண்ணுதான்."

"கூட்டலாமா அது? காய்ச்சலையும் பாலையும் எப்படிங்க கூட்டுவீங்க?" என்று கோபமாகக் கேட்டார்.

மாரிமுத்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். பல வருஷமாகத் துடைக்கிற மேஜை, பல வருஷமாகப் பார்க்கிற படம். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குனிந்து பார்த்தான்.

"ஐயா, இப்ப எங்க ஆத்தோரந்தான் சின்னதாப் போச்சா?"

டிரசர் தாளின்மேல் கையை வைத்தார். மறைப்பதற்கு நேரம் கடந்துவிட்டது.

"எங்க பக்கம் என்னங்கய்யா கொறஞ்சுது?"

"ஒண்ணும் கொறயலப்பா."

"அப்ப நாங்க ஏன் போவணும்?"

அவன் சண்டைக்காகக் கேட்கவில்லை. புளி தீர்ந்துவிட்டதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டான். ஆத்தோர லயத்தில் அவனுக்குப் பெண்சாதி, மாமியார், மூன்று பிள்ளைகள். நடுப்பிள்ளை இந்த மேஜைக்கு அடுத்த கட்டிலில்தான் பிறந்தது. டிரசர்தான் தூக்கி எடுத்தார். அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்மேல் ஆடை படிந்தது.

சாயங்காலத்துக்குள் விஷயம் இரண்டு லயத்துக்கும் போய்விட்டது. கம்பியை மாற்றிப் போட்டால் ஒருத்தர் தப்பலாம், ஒருத்தர் போக வேண்டும் என்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் மேட்டு ஆட்கள் ஒரு பக்கமும் ஆத்தோர ஆட்கள் ஒரு பக்கமுமாக வந்து உட்கார்ந்தார்கள். அடித்துக்கொள்வார்கள் என்று நான் பயந்தேன். ஆட்டுக்கு அடித்துக்கொள்ளப் பார்த்தவர்கள் அல்லவா. ஆனால் வெற்றிலைப் பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று.

மாரிமுத்து மாமியார் சிவகாமியிடம், "நீ போனா ஒங் கத்திரிக்காய யாருடி பறிக்கறது?" என்றாள்.

"நீ வந்து பறிச்சுக்கோ பெரியம்மா. நீ போனா ஒன் வாய நான் எங்க போயித் தேடறது?"

கிழவி சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு மேட்டுக் கங்காணி எழுந்து, மீசையெல்லாம் வெளுத்துப் போயிருந்தது அப்போது, டிரசர் எதிரில் வந்து நின்றார். "ஐயா, அன்னிக்குப் பெருசுன்னு நாங்க ஆடு கேட்டோம். இன்னிக்கு ஒண்ணும் கேக்கல. எது நெசமோ அதப் போடுங்க."

"ரெண்டும் நெசம் கங்காணி" என்றார் டிரசர். கங்காணி அதைப் புரிந்துகொள்ளப் பார்த்து, முடியாமல், போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை அவர் மேட்டுக்கு வரைந்த இரண்டு படத்தையும் கொண்டுவந்து துரை மேஜையில் வைத்தார். நான் என் மேஜையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

துரை இரண்டையும் பார்த்தார். "எது சரி?"

"ரெண்டும் சரி, சார்."

"ரெண்டும் சரின்னா நான் எதைப் பார்க்கணும்?"

"கம்பியப் பாருங்க சார். ஒவ்வொரு கம்பியா. உருவத்தப் பாக்காதீங்க. உருவம் நான் வரிசை வைக்கறதப் பொறுத்து மாறுது."

"அப்போ எதுக்கு வரைஞ்சே, இத்தனை வருஷம்?"

ஓடைக்காக என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துரை கெட்டவர் இல்லை. ராத்திரி தூங்காத கண் அவருக்கும். இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, "நீ டிரசர். உனக்கு இந்த ஜனங்களைத் தெரியும். எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லு, அப்படியே செய்யுது. மேடா, ஆறா?" என்றார்.

ஒரு வார்த்தை. வாழ்நாளில் ரசத்துக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். அவர் வாய் திறந்ததைப் பார்த்தேன். 'எதுல' என்றுகூட வரவில்லை. மேட்டைச் சொன்னால் சிவகாமி. ஆற்றைச் சொன்னால் மாரிமுத்து. சுவர்க் கடிகாரம் அடித்து ஓய்ந்தது. காலரிலிருந்த குடையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகத் துணிக்கு மேல் தடவிக்கொண்டு நின்றார்.

துரை பொறுத்துப் பார்த்தார். பிறகு நெருஞ்சியை எடுத்தார். "இதுதான் நீ எப்போதும் அனுப்புறது. இதுவே இருக்கட்டும்" என்று அதன் மேல் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷமாக அந்தப் படத்தின் மேல் விழாத கையெழுத்து.

அதற்குப் பிறகு அவர் படம் போடவில்லை. மாத அறிக்கையில் வெறும் எண் வரும், ஒன்றன்கீழ் ஒன்றாக. மாரிமுத்து ரசம் எப்படி என்று கேட்பதை நிறுத்திவிட்டான். ஆத்தோரம் தப்பியதற்கு அவன் சந்தோஷப்பட்டு நான் பார்க்கவில்லை. சில வருஷத்தில் டிரசர் பொந்தியான் பக்கம், பெக்கான் நானாஸுக்கு அருகில் ஓர் அன்னாசித் தோட்டத்துக்கு மாறிப் போனார். போகும்போது குடை முதுகில்தான் இருந்தது. பிறகு ஜப்பான் சண்டை வந்தது. அவர் என்ன ஆனார் என்று விசாரிக்கக்கூட யாரும் இல்லை. அந்த இரண்டு படத்தையும் நான் இன்றும் எந்தத் தாளிலும் போட்டுக் காட்டுவேன். எது சரி என்று கேட்டால் எனக்கும் தெரியாது. இந்த வயதில் தூக்கம் வராதபோது வரிசையை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். ஆறும் மூன்றும் ஒன்பதும் அப்படியேதான் இருக்கின்றன.

லாரி வந்த காலையைச் சொல்லி முடிக்கிறேன்.

மேட்டு ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்றார்கள். கப்பலுக்குத் தகுந்த உடம்பு என்று டிரசர் ஒவ்வொருவரையும் பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார். சிவகாமி கடைசியில் வந்தாள். இடுப்பில் பையன். கையில் ஈரச்சாக்கில் சுற்றிய கத்திரிச் செடி, வேரும் மண்ணுமாக. நாகப்பட்டினம் போவதற்குள் வாடிப்போகும் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

அவர் பையன் வயிற்றை அழுத்திப் பார்த்து முடிக்கும்வரை வழக்கம்போலப் பேசாமல் இருந்தாள். சீட்டை வாங்கிக்கொண்டாள். லாரிக்காரன் கூப்பிட்டான். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

"ஐயா, நான் இங்கயே பொறந்தவ. ஊரப் பாத்ததில்ல. அங்க எங்களுக்கு இங்கத்தவிட நல்லா இருக்குமா?"

"எதுல?" என்றார்.

பழக்கம். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவருக்கே கேட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எப்போதும் கேட்கிற கேள்விதானே. உண்மையிலேயே யோசித்தாள். பையனை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"எதுலயாச்சும், ஐயா" என்றாள்.